மலக்கசிவால் புண்ணாகும் தோல்

கேள்வி: என் 5 வயது மகனுக்கு அடிக்கடி ஜட்டியில் மலம் கசிகிறது. ஆசனவாயைச் சுற்றிச் சிவந்து எரிகிறது. பவுடர் போடலாமா?

பதில்: வேண்டாம்மா. பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி உரசும். மலத்திலுள்ள செரிமான நொதிகள்தான் தோலை அரிக்கின்றன. கசிந்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். உலர்ந்தபின் துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை அழுக்கான மேல்படலத்தை மட்டும் துடைத்து, அதன்மேலேயே பூசலாம்; முழுவதும் சுரண்டினால் புண் ஆறாது. மடிப்புகளும் சிவந்து, சுற்றிலும் சிறு பொரிகள் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வயதில் கசிவுக்குப் பெரும்பாலும் மலச்சிக்கலே காரணம். இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் அவனை அறியாமலே வழிகிறது. தயவுசெய்து திட்டாதீர்கள், வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மருந்தும் கொடுக்காதீர்கள், சிக்கல் இன்னும் இறுகும்.