விவாகரத்து வழக்கில் பணம் எங்கே போகிறது?

கேள்வி: நானும் மனைவியும் பேசி, பரஸ்பர சம்மதத்தில் பிரிய முடிவெடுத்துவிட்டோம். மூன்று வக்கீல்கள் மூன்று தொகை சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், திருப்பூர்

தொகையைவிட, அதில் என்னென்ன அடக்கம் என்பதைப் பாருங்கள். விவாகரத்து மனுவுக்கான கோர்ட் கட்டணம் மிகக் குறைவு. ஜீவனாம்சம் எத்தனை லட்சமானாலும் அது ஏறாது. உங்கள் செலவில் பெரும்பகுதி வக்கீல் ஃபீஸ்தான். ஒப்பந்தம் எழுதுவது, கூட்டு மனு தாக்கல், முதல் ஆஜர், ஆறு மாதம் கழித்து இரண்டாம் ஆஜர், தீர்ப்பாணையின் சான்று நகல் வாங்குவது, வேலை இவ்வளவுதான். குறைத்துச் சொன்னவர் முதல் ஆஜர் வரைக்குமான ஃபீஸை மட்டும் சொல்லியிருக்கலாம். டைப்பிங், நோட்டரி செலவு சேர்த்தியா, வாய்தாவுக்குத் தனியாகத் தர வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைச் சான்று நகல் கைக்கு வந்த பிறகு தருவதாகப் பேசுங்கள்.

மனுப் போடுவதற்கே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, பணம், பிள்ளை விஷயமெல்லாம் பேசி முடிந்திருந்தால், ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தச் சொல்லி தனி மனுப் போடலாம். உச்ச நீதிமன்றம் 2017-ல் இதற்கு வழி திறந்துவிட்டது. அந்த மனுவுக்கு ஃபீஸ் தனியா என்பதையும் கேளுங்கள்.

தீர்ப்பு வரும் நிமிடம் வரை இருவரில் யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அப்படி நடந்தால் அதுவரை செய்த செலவெல்லாம் வீண்; பிறகு நடப்பது குறுக்கு விசாரணையோடு கூடிய முழு வழக்கு. பெரும்பாலும் நகை திரும்பாததும், பேசிய பணம் வராததும்தான் இதற்குக் காரணம். அதனால் ஒப்பந்தத்தில் ‘நகைகள் ஒப்படைக்கப்படும்’ என்று ஒற்றை வரியோடு விடாதீர்கள். ஆரம், வளையல், தோடு என்று ஒவ்வொன்றையும் கிராமோடு எழுதி, எந்தத் தேதியில் யார் முன்னிலையில் தருவது என்றும் குறியுங்கள். தொகையில் ஒரு பகுதியை முதல் ஆஜரன்றும், மீதியை இரண்டாம் ஆஜரன்று நீதிபதி முன்பே டி.டி.யாகவும் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

இருவருக்கும் ஒரே வக்கீல் வைத்தால் செலவு மிச்சம், உண்மை. ஆனாலும் கையெழுத்துக்கு முன்னால் உங்கள் மனைவி அந்த ஒப்பந்தத்தை வேறொரு வக்கீலிடம் ஒரு முறை காட்டட்டும். ஒரே ஒரு ஆலோசனைக் கட்டணம்தான். பின்னால் வரக்கூடிய சண்டையைத் தவிர்க்கும்.

கேள்வி: எனக்கு வருமானம் இல்லை. கணவர் சென்னையில் வழக்குப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் குழந்தையோடு ரயிலேற வேண்டியிருக்கிறது. வக்கீலுக்கு எங்கே போவேன்?
– வாசகி, நாகர்கோவில்

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

அடுத்து, இந்து திருமணச் சட்டம் பிரிவு 24. வழக்கு நடக்கும்போதே மாதச் செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் கணவரிடமிருந்து கேட்கலாம். நோட்டீஸ் கணவர் கைக்குச் சேர்ந்ததிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். இழுப்பதற்கு ஒரு காரணம், சொத்து, கடன், வருமான விவரப் பிரமாணப் பத்திரம் அரைகுறையாக இருப்பது. 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் அதைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வாடகை ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, மருந்து பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் முதல் நாளே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். அதே தீர்ப்பின்படி ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம்.

மூன்றாவது, வழக்கை நாகர்கோவிலுக்கு மாற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். குழந்தை, தூரம், வருமானமின்மை மூன்றையும் அதில் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: மாற்றல் மனுப் போட்டாயிற்று என்று சென்னை வாய்தாவை விட்டுவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதை ரத்து செய்ய இன்னொரு மனு, இன்னொரு செலவு.

கேள்வி: இருவர் பெயரிலும் ஃபிளாட் இருக்கிறது, லோனும் ஓடுகிறது. வீட்டை மனைவிக்கே விட்டுத்தரப் போகிறேன். விவாகரத்து முடிந்ததும் எழுதிக் கொடுத்தால் போதுமா?
– வாசகர், தாம்பரம்

முடிந்த பிறகு என்றால் செலவு பல மடங்கு. கணவன் மனைவியாக இருக்கும் வரை, குடும்பத்துக்குள்ளான செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. உங்கள் பாதிப் பங்கின் வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) 30 லட்சம் என்றால் மொத்தம் 40,000 ரூபாயில் முடிந்துவிடும். தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் ‘குடும்பத்தினர்’ இல்லை. கிரயப் பத்திரமாக (விற்பனைப் பத்திரமாக) போட்டால் 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 2,70,000 ரூபாய். அதனால் இரண்டாம் ஆஜருக்குச் சில நாள் முன்னதாகப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்திலும் அந்தத் தேதியை எழுதுங்கள்.

லோன் வேறு விஷயம். வீட்டை எழுதிக் கொடுத்ததாலோ, இனி மனைவியே இ.எம்.ஐ. கட்டுவார் என்று தீர்ப்பில் இருப்பதாலோ பேங்க் உங்களை விட்டுவிடாது. அவர் ஒரு தவணை தவறினாலும் உங்கள் சிபில் ஸ்கோரும் (கடன் மதிப்பெண்) சேர்ந்து இறங்கும். பத்திரத்துக்கு முன்பே பேங்கின் சம்மதம் வாங்க வேண்டும். அவர் வருமானத்துக்கு அந்த லோன் தனியாகக் கிடைக்குமா என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் வீட்டை விற்று, லோனை அடைத்து, மிச்சத்தைப் பிரிப்பதே இருவருக்கும் நல்லது.

கேள்வி: ஜீவனாம்சம் வந்தால் அதில் 10 சதவீதம் தர வேண்டும் என்கிறார் வக்கீல். வக்கீலை மாற்றலாம் என்றால் கேஸ் கட்டைத் தர மறுக்கிறார்.
– வாசகி, சேலம்

கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை. 2000-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தோடு கட்டைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கேளுங்கள். தராவிட்டால் அந்தத் தபால் ரசீதை இணைத்து, புது வக்கீலின் வக்காலத்தை ஏற்க அனுமதி கேட்டு நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். இதற்கிடையில் மனு, எதிர்மனு, உத்தரவுகளின் சான்று நகலுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.