ஓட்டோ கியரில் மட்டும் பழகினால் லொறி வேலைக்குக் காணுமா?

கேள்வி: கிண்ணியாவில் இருக்கிறேன். கார் லைசன்ஸ் உண்டு. சீனக்குடாப் பக்கம் மா, சீமெந்து ஏற்றும் லொறிகளில் வேலைக்குப் போக ஆசை. ஓட்டோ கியர் லொறியில் இரண்டு கிழமையில் பழக்கி, லைசன்ஸும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில்: மனுவல் கியரில் பழகுங்கள், தம்பி. வேலைக்குப் போனால் முதலாளி முதலில் நீட்டுவது பழைய டாட்டாவின் அல்லது லேலண்டின் சாவியாகத்தான் இருக்கும். அதில் மூன்று பெடல்.

வெறும் லொறியில் ஊர்ப் பாதையில் சுற்றுவது பழக்கம் ஆகாது. பாதிச் சுமையாவது ஏற்றி, திருகோணமலை ஓர்ஸ் ஹில் மாதிரி ஓர் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். காற்று பிரேக் என்றால் எச்சரிக்கை மணி ஓயும்வரை அசையக் கூடாது. முதல் கியர் போட்டு, கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் கனத்து, முன்பக்கம் இலேசாக எழும்பும். ஹான்ட் பிரேக்கை எடுப்பது அப்போதுதான், அதற்கு முன் எடுத்தால் லொறி பின்னால் உருளும். லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டும் ட்ரையலில் சுமையோடு இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. வெறும் லொறியை ஓட்டிக் காட்டியவன் கையில் பத்துத் தொன் சுமையைக் கொடுக்கிற முறை இது!

மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையே பலகடுவ இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். எஞ்சின் புகை போகும் வழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் வேலை செய்ய கியர் விழுந்திருக்க வேண்டும். நியூட்ரலில் முழுப் பாரமும் கால் பிரேக்கில் விழும், அது சூடேறினால் பிடிக்காது.

ஓட்டோ கியர் லொறி காரைப் போல என்று நினைப்பதும் தவறு. அநேகமானவற்றில் உள்ளே கிளச் இருக்கத்தான் செய்கிறது, மிதிப்பது மட்டும் கம்பியூட்டர். ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் அக்சிலேற்றரால் தாங்கி நின்றால் கிளச் பிளேட் கருகி மணக்கும்.

ஒரேயொரு விதிவிலக்கு இடது கால். முழங்காலில் பழைய முறிவோ சத்திரசிகிச்சையோ இருந்து, நாள் முழுக்க கிளச் மிதித்தால் வீங்கும் என்றால் ஓட்டோ கியரே சரி. ஆனால் கூச்சம், சோம்பல் எல்லாம் முழங்கால் வருத்தம் ஆகாது. உண்மையான வருத்தம் என்றால், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் சான்றிதழ் எடுக்கும்போதே மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டோ கியர் லொறி வைத்திருக்கும் முதலாளியையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் லைசன்ஸ் சட்டைப் பையில்தான் கிடக்கும்.

இனி அந்த இரண்டு கிழமைக்காரர். “ஹெவி எடுத்துத் தாறன்” என்றால் லொறி லைசன்ஸில் எந்த வகுப்பு என்று கேளுங்கள். மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை சீ1, அதற்கு மேல் சீ, பெரிய ட்ரெய்லர் இழுக்க சீஈ. மொத்த எடை என்பது லொறியும் சுமையும் சேர்த்து. சீ1-ஐக் கையில் வைத்துக்கொண்டு பெரிய லொறி ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும். ஸ்டியரிங் உங்கள் கையில் எத்தனை மணித்தியாலம், ட்ரையலுக்கு எந்த லொறி என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணத்துக்கு பற்றுச்சீட்டு வேண்டும். “ட்ரையலுக்கு நீங்கள் வரத் தேவையில்லை” என்றால் அந்த இடத்திலேயே எழும்பி வாருங்கள். எது எப்படியானாலும், அடையாள அட்டையையும் அசல் லைசன்ஸையும் அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.