பெட்டி இருந்தது, நாற்காலி ஒன்றுதான்

கேள்வி: அப்பா ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். 1984-ல் ஈப்போவில் எனக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் கணினி வாங்கித் தந்தார், இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். இதழில் வந்த புரோகிராமைத் தங்கை வாசிக்க வாசிக்க நான் தட்டுவேன். பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரே கணினியில் இருபது முப்பது பேர், ஆளுக்கொரு டெர்மினல் (அந்தக் கணினியோடு இணைத்த திரையும் தட்டுப்பலகையும்), விடிய விடியக் கூட்டமாகக் கிடப்போம். அந்த உழைப்பும் ஒற்றுமையும் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஏன் இல்லை? கைப்பேசியைத் தேய்ப்பதைத் தவிர இவர்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பொற்காலம் திரும்புமா?
(ஒரு வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: திரும்பாது. திரும்ப வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஸ்பெக்ட்ரமில் கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறுகிற அந்த டேப் சத்தம் என் காதிலும் ஒருமுறை கேட்டது, அதை மறைப்பானேன். பாட்டுக் கேட்கிற அதே ரேடியோ கேசட்டில் கறுப்பு வயரைச் செருகி, 'லோட்' என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், டிவியின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிறகு மஞ்சளும் கோடு கோடாக ஓடும். கீச்சுக் குரலில் ஏதோ பூச்சி கத்துகிற மாதிரி ஐந்து நிமிடம். வால்யூம் கொஞ்சம் கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு, நாலரை நிமிடத்தில் 'டேப் லோடிங் எரர்' என்று வந்து நிற்கும், மறுபடியும் முதலிலிருந்து. அதற்குள் டிவியில் தமிழ்ப்படம் போடும் நேரம் வந்துவிட்டால் பெட்டியைக் கழற்றிவிட வேண்டியதுதான், வீட்டில் டிவி ஒன்றுதானே. மின்சாரம் போனால் தட்டியதெல்லாம் போச்சு. சாவிகள் ரப்பர். அது எங்கள் கித்தா (ரப்பர்) மரத்துப் பாலில் செய்தது என்று லயத்துப் பையன்கள், தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகள், சத்தியம் பண்ணுவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் தோட்டத்திலும் ஒரு கிராணி வீடு இருந்தது, அந்த வீட்டிலும் ஒரு மகன் இருந்தார். சில நாள் உள்ளே கூப்பிடுவார்கள், சில நாள் கூப்பிட மாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1982-ல் இங்கிலாந்தில் 48 கிலோபைட் நினைவகமுள்ள ஸ்பெக்ட்ரம் வெளிவந்தபோது விலை 175 பவுன். அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 700 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் கப்பல் கூலி, கடைக்காரர் லாபம். அதே ஆண்டில் வந்த இன்னொரு வீட்டுக் கணினி கமடோர் 64-க்கு 595 அமெரிக்க டாலர், அதாவது 1,300 வெள்ளிக்கு மேல். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசைக்கு) நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாலெடுக்க மரம் வெட்டப் போகிற வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. 'மலிவான வீட்டுக் கணினி' என்று அங்கே விளம்பரம் செய்தார்கள். எந்த வீட்டுக்கு மலிவு என்பது வேறு விஷயம்.

லயத்தில் இருந்தவர்களுக்கும் கணினி அறிமுகமானது, உங்களுக்கு ஆனது போல அல்ல. ஒரு மாதம் எங்கள் அம்மாவின் சம்பளச் சிட்டை, இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அச்சாகி வந்தது. ஒட்டுப்பால் காசு, மரத்தில் உறைந்து ஒட்டிய பாலைச் சேர்த்ததற்கான காசு, அதில் இல்லை. முன்பெல்லாம் செக்ரோல் என்கிற வருகைப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லிச் சண்டை போடலாம், விரலை வைத்து "இந்த நாள் நான் வேலைக்கு வந்தேனே" என்று கேட்கலாம். அன்றைக்கு ஆபீசில் கிடைத்த பதில், "கம்ப்யூட்டர் அப்படித்தாம்மா சொல்லுது." அந்தக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டார். கோலாலம்பூரில் என்றார்கள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அந்தக் காசு வரவே இல்லை. நீங்கள் பொற்காலம் என்று எழுதும்போது எனக்கு அந்த ஓட்டைக் காகிதமும் சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும்.

சரி, ஒற்றுமைக்கு வருவோம். ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையை ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்ற கணினி விஞ்ஞானி 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் செய்து காட்டினார். இயந்திரம் ஒவ்வொருவருக்கும் ஒரு நொடியில் ஒரு துண்டு நேரம் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் ஓடும், ஓடுகிற வேகத்தில் ஒவ்வொருவருக்கும் தனக்கே தனக்கான கணினி போலத் தெரியும். அங்கே ஒற்றுமை எப்படி இருந்தது தெரியுமா? ஒருவருடைய கோப்பை (ஃபைலை) இன்னொருவர் பார்க்கக் கூடாதென்று கடவுச்சொல் வைத்தார்கள். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு வாரத்துக்கு ஒதுக்கிய நான்கு மணி நேரம் போதவில்லை என்பதால், எல்லோருடைய கடவுச்சொல்லும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டு மற்றவர் கணக்கில் நுழைந்து வேலையை முடித்தார். பிற்காலத்தில் அவரே சொன்னதுதான் இது. பந்தியில் சோறு குறைவாக இருந்தால் பக்கத்து இலையைப் பார்க்கத்தான் செய்வார்கள்.

நீங்கள் டெர்மினல் அறையில் கண்டது பாதி வரிசை, பாதி பசி. நான் படித்த இடைநிலைப்பள்ளியிலும் கணினிக் கழகம் என்று ஒன்று இருந்தது, எட்டுப் பேருக்கு ஒரு பெட்டி, ஆளுக்குப் பத்து நிமிடம். அதனால் முதல் நாள் ராத்திரியே புரோகிராமைக் கணக்கு நோட்டில் பென்சிலால் எழுதி, மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, தப்பைத் திருத்திக்கொண்டு போவேன். அந்தப் பழக்கம் எனக்கு நன்மை செய்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பென்சிலும் நோட்டும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன, அதற்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலர் பங்கிட்டுக்கொள்ளும் கணினிகளில் ஓடும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில், டெர்மினலில் 'ஹூ' (யார்) என்று தட்டினால் இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். திரை மெதுவானால் மூலையில் இருக்கிறவர் ஏதோ பெரிய கணக்குப் போடுகிறார் என்று தெரியும், எழுந்து போய்த் திட்டலாம். இன்றைக்கு உங்கள் பேரன் கையில் இருப்பதும் பாதிக்குமேல் டெர்மினல்தான், படமும் பாட்டும் பேச்சும் எங்கோ இருக்கிற யாரோ ஒருவரின் இயந்திரத்திலிருந்து வருகின்றன, கோடிக்கணக்கானவர்களோடு அதைப் பங்கிட்டுக்கொள்கிறான். ஆனால் 'ஹூ' கிடையாது. பக்கத்தில் யார் என்று தெரியாது, கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. எங்கள் அம்மாவுக்குச் சொன்ன அதே "கோலாலம்பூரில் இருக்குது" பதில்தான், இப்போது கோலாலம்பூரும் இல்லை. இது பிள்ளைகள் செய்த குற்றம் இல்லையே.

அப்புறம், வீட்டுக் கணினியையும் டெர்மினலையும் இரண்டு தனிக் காலம் போல எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஸ்பெக்ட்ரமில் தட்டிய பேசிக் என்ற புரோகிராம் மொழி பிறந்ததே டெர்மினலில்தான். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள், அறிவியல் படிக்காத மாணவனுக்கும் கணினி எட்ட வேண்டும் என்று உருவாக்கியது அது. 1964 மே முதல் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு முதல்முறை ஓடியது. இலக்கியம் படிக்கிறவனுக்காகச் செய்த மொழியை வைத்துக்கொண்டு, "இவர்களுக்கு என்ன தெரியும்" என்று நாம் கேட்பது நன்றாக இல்லை. சுவிட்சைப் போட்டதும் 'எழுது' என்று கூப்பிடுகிற பெட்டி அது. இன்றைய பெட்டி 'பார்' என்றுதான் கூப்பிடுகிறது. குறை சொல்வதாக இருந்தால் பெட்டியைச் செய்து விற்கிறவர்களைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன்.

இன்னொன்று. உங்கள் ஸ்பெக்ட்ரமில் உங்கள் பெயரைத் தமிழில் எழுத முடிந்ததா? நாமே வரைந்து வைத்துக்கொள்ள அது கொடுத்த இடம் 21 எழுத்துக்கு. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் 'ஐ' எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். உயிர் 12, மெய் 18, அதற்கே இடம் போதாது. நம் நாட்டுக் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985-லேயே கணினியில் தமிழ் எழுத முரசு என்ற மென்பொருளைத் தொடங்கிவிட்டார், அந்த வழியில் வந்தவர்களால்தான் இன்றைக்கு லயத்துப் பாட்டிகூட பேத்திக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறார். நீங்கள் காலையில் எனக்கு அனுப்புகிற ரோஜாப்பூ வணக்கப் படம் அநேகமாக உங்கள் ஸ்பெக்ட்ரமின் மொத்த நினைவகத்தைவிடப் பெரியது. நிறுத்தச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

கடைசியாக உங்கள் தங்கை. அவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அந்த இதழ்களில் வந்த பட்டியல்கள் எனக்கும் தெரியும்: பக்கம் பக்கமாக 'டேட்டா' வரிகள், வெறும் எண்கள், ஒன்று மாறினாலும் ஓடாது. ராத்திரி மங்கின விளக்கில் அத்தனையையும் ஒன்றுவிடாமல் வாசித்தவர் அவர். ஓடாதபோது திரையையும் தாளையும் ஒப்பிட்டு எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடித்தவரும் அவராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தட்டுகிறவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது. பிறகு ஆட்டம் ஓட ஆரம்பித்ததும் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள்? நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போன வருடம் அவர் எங்கே போனார்?

அவரிடம் கேளுங்கள். அந்தக் காலம் திரும்பட்டுமா என்றும் கேளுங்கள். என்ன சொன்னாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள், நீங்கள் திருத்தாமல். அடுத்த இதழில் போடுகிறேன்.