பழைய புல்லட் 350-இல் ஸ்ட்ரோப் விளக்கு (டைமிங் பார்க்கும் மின்னும் விளக்கு) இல்லாமல் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, சரிபார்க்க முடியுமா?

முடியும், பாயிண்ட் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு முனைகள்) வைத்த வண்டியென்றால், வண்டியில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரே போதும். முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35–0.40 மி.மீ. ஆக்குங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குச் சற்று முன், மேனுவல் சொல்லும் மி.மீ. அளவில் நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பிஸ்டன் மேலே வரும். அதில் ஏமாந்து ஒரு மாலை முழுக்கக் கிக்கரை உதைத்தவன் நான். சாவியைத் திருப்பினால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் (பேட்டரி மின்சாரம் செலவாகும்) பக்கம் சாய்ந்திருக்கும். திறக்கும் கணத்தில் நடுவுக்குத் திரும்பும். அந்தக் கணம் பிஸ்டனை நிறுத்திய இந்த இடத்தில் விழும்படி பாயிண்ட் தட்டைத் திருப்பி இறுக்குங்கள்.

கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் டைமிங் முந்தியிருக்கிறது. இழுவை குறைந்து எஞ்சின் அதிகம் சூடேறினால் பிந்தியிருக்கலாம்.