தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மான் வேட்டைக்கு உதை குறைந்த தோட்டா எது?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் பல வருடங்களாக அமெரிக்காவில் .30-06 என்ற பெரிய தோட்டா சுடும் ரைஃபிளோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர். வலது தோளில் ரொட்டேட்டர் கஃப் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து தைத்திருக்கிறார்கள். அடுத்த சீசனைத் தவறவிட மனமில்லை, பழைய துப்பாக்கி சுடும்போது பின்னால் வந்து தோளில் இடிக்கும் உதையை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. எந்தத் தோட்டாவுக்கு மாறலாம் என்று கேட்கிறார்.

எனக்கும் அதே தோளில் அதே அறுவை சிகிச்சை நடந்தது. நானும் .30-06 வைத்திருந்தவன்தான். நான் மாறியது .243 வின்செஸ்டருக்கு. தோள் நன்றாக ஆறிய பிறகும் அதையே வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் என் முதல் சிபாரிசு அதுதான். ஆனால் தோட்டாவின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் பாதி வேலைதான் ஆகும். துப்பாக்கியின் எடை, தோளில் வைக்கும் பின்பக்கக் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்தும் விதம், நீங்கள் பழகும் முறை எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தோளைக் காப்பாற்றும்.

அதற்கும் முன்னால் மருத்துவர். தைத்த தசைநார் எலும்போடு மறுபடி ஒட்டிப் பிடிக்க முதல் 3 மாதங்கள் ரொம்ப முக்கியமானவை. முழு பலம் திரும்ப 6 மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். கிழிசலின் அளவு, வயது, தசைநாரை எலும்போடு பிடிக்க எத்தனை நங்கூரத் திருகுகள் போட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது அது. மருத்துவரிடம் "நான் சுடலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். துப்பாக்கி சுட்டுப் பழக்கமில்லாத மருத்துவருக்கு சின்னஞ்சிறு .22 தோட்டாவுக்கும் பலமான .300 மேக்னத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். துப்பாக்கிக் கட்டை தோளில் எந்த இடத்தில் பதியும், எவ்வளவு வேகமாக வந்து இடிக்கும், ஒரு நாளில் எத்தனை முறை என்று விளக்கிச் சொல்லிக் கேளுங்கள். நான் கட்டை பதியும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உருப்படியான பதில் கிடைத்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேஸ்மேக்கரை வழக்கமாகக் காலர் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைப்பார்கள். அந்தப் பக்கத் தோளில் வைத்துச் சுட்டால் கட்டை அதன் மேலேயே வந்து இடிக்கும், இதயத்துக்குப் போகும் கம்பி சேதமாகலாம். கழுத்து எலும்பை இணைத்தவர்கள், விழித்திரை விலகி மறுபடி ஒட்டவைத்தவர்கள், செயற்கைத் தோள் மூட்டு பொருத்தியவர்கள் எல்லோருக்கும் விதி வேறு. மருத்துவர் கூடாது என்றால் சிறிய தோட்டாவாக இருந்தாலும் கூடாதுதான்.

சரி, இப்போது உதைக்கு வருவோம். குண்டின் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனையின்) எடை, அதன் வேகம், தோட்டாவுக்குள் எரியும் வெடிமருந்தின் எடை, துப்பாக்கியின் எடை, இந்த நான்கையும் வைத்து உதையைக் கணக்குப் போட்டுவிடலாம். அதை அடி-பவுண்டு என்ற ஆற்றல் அலகில் சொல்வார்கள். குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற சிறு அலகில் சொல்வார்கள். 8 பவுண்டு ரைஃபிளில் 180 கிரெய்ன் குண்டோடு .30-06 சுட்டால் உதை சுமார் 20 அடி-பவுண்டு. ஏழரை பவுண்டு ரைஃபிளில் 150 கிரெய்ன் .308 வின்செஸ்டர் 15 முதல் 16 வரை. 140 கிரெய்ன் 7எம்எம்-08 ரெமிங்டன் சுமார் 13. 6.5 கிரீட்மோர் சுமார் 12. 100 கிரெய்ன் .243 சுமார் 9. 6.5 கிரெண்டல் சுமார் 8. .223 வெறும் 3 சொச்சம். துப்பாக்கிக்குத் துப்பாக்கி கொஞ்சம் மாறும், ஆனால் வரிசை இதுதான். நீங்கள் .30-06-இலிருந்து .243-க்கு வந்தால் உதை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் துப்பாக்கியின் எடை. ஒரே தோட்டாவைச் சுடும்போது எடை கூடக்கூட உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் குறையும். 6 பவுண்டு ரைஃபிளிலிருந்து 8 பவுண்டுக்குப் போனால் கால்வாசி உதை போய்விடும். மலை ஏறுகிறவர்களுக்காகச் செய்த இறகு போன்ற ரைஃபிள்கள் கடையில் கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும், ஆனால் தைத்த தோளுக்கு அவை எதிரி. 6 பவுண்டுக்கும் கீழே உள்ள .243-ஐவிட 9 பவுண்டு 6.5 கிரீட்மோர் மென்மையாக உதைக்கும். மறைவிடத்தில் உட்கார்ந்து மானுக்காகக் காத்திருக்கும் வேட்டை என்றால் கூடுதலாக 2 பவுண்டு உங்களுக்குப் பாரமாகவே தெரியாது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), வார், நிரம்பிய மேகசின் (தோட்டாப் பெட்டகம்) எல்லாம் அந்த எடையில் சேர்த்திதான்.

புதுத் துப்பாக்கிக்குப் பணம் போடும் முன் கையில் இருக்கும் .30-06-ஐயே ஒருமுறை யோசித்துப் பாருங்கள். உதை குறைத்த தோட்டாக்களைக் கம்பெனிகளே செய்து விற்கின்றன. ஹார்னடி கம்பெனியின் கஸ்டம் லைட் அந்த ரகம். 125 கிரெய்ன் குண்டை நொடிக்குச் சுமார் 2700 அடி வேகத்தில் அனுப்பினால் 8 பவுண்டு .30-06-இல் உதை சுமார் 10 அடி-பவுண்டுதான். நீங்கள் பழகிய உதையில் பாதி! 200 கஜத்துக்குள் நிற்கும் மானுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் குண்டு விழும் இடம் மாறும், அதனால் ஸ்கோப்பை மறுபடி சரிசெய்யாமல் காட்டுக்குப் போகவே கூடாது. தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவர்களுக்கு எச்4895 என்ற வெடிமருந்து நல்லது. அதிகபட்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைத்துக்கொள்ளலாம் என்று அதை விற்கும் ஹாட்ஜ்டனே வழிகாட்டுகிறது. மெதுவாக எரியும் மருந்துகளை இப்படி இஷ்டத்துக்குக் குறைப்பது ஆபத்து. அச்சிட்ட அளவுகளைத் தாண்டி எந்தப் பக்கமும் போகாதீர்கள்.

நான் ஏன் .243-ஐச் சொல்கிறேன்? 1955-இல் .308-இன் கழுத்தைக் குறுக்கிச் செய்த தோட்டா அது. 6 மி.மீ. குண்டு, பாதை நன்றாகத் தட்டையாகப் போகும். சிறுவர்களுக்கான தோட்டா என்று அதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. இத்தனை வருடங்களாக வெள்ளைவால் மான்களைச் சுத்தமாக வீழ்த்திக்கொண்டிருக்கும் தோட்டா அது. கிட்டத்தட்ட எல்லா ரைஃபிள் கம்பெனிகளும் அதற்குத் துப்பாக்கி செய்கின்றன, தோட்டாவும் பரவலாகக் கிடைக்கிறது. ஒன்று மட்டும் அது மன்னிக்காது, தவறான குண்டு. .243-இல் நரிக்கும் கொயோட்டி என்ற ஓநாய் போன்ற சிறு மிருகத்துக்கும் செய்த மெல்லிய 55, 58 கிரெய்ன் குண்டுகளும் விற்பனைக்கு வரும். மேலேயே சிதறிப்போகும் அவற்றை மானுக்குப் பயன்படுத்தக் கூடாது. 95 முதல் 100 கிரெய்ன் வரையுள்ள மான் குண்டுகளை எடுங்கள். நாஸ்லர் பார்ட்டிஷன் போல உறுதியாகக் கட்டியது என்றால் இன்னும் நல்லது. செம்பு மட்டுமே உள்ள குண்டு என்றால் 80, 85 கிரெய்ன் போதும்.

உங்கள் இடத்தில் தூரமாகச் சுட வேண்டியிருந்தால், அல்லது மான் பெரிய உடம்பாக இருந்தால், 6.5 கிரீட்மோர். ஹார்னடி 2007-இல் கொண்டுவந்தது. அதன் நீண்ட, ஒல்லியான குண்டு காற்றில் வேகத்தை அதிகம் இழக்காது, உடம்புக்குள் ஆழமாகவும் போகும். உதை .243-ஐவிடக் கொஞ்சம்தான் கூடுதல். தோள் சரியான பிறகு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கும் போகும் எண்ணம் இருந்தால் 7எம்எம்-08. இப்போதைக்கு மென்மையான தோட்டாவில் தொடங்கி, அதே துப்பாக்கியில் பின்னால் கனமான குண்டுக்குப் போய்க்கொள்ளலாம். அடர்ந்த காட்டில் 100 கஜத்துக்குள்தான் மான் தெரியும் என்றால் பழைய .30-30-யும் குறைவில்லை. ஆனால் பல .30-30 லீவர் ரைஃபிள்கள் (அடியில் உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) எடை குறைந்தவை, கட்டையின் பின்முனையில் கெட்டியான மெல்லிய ரப்பர்தான் இருக்கும். காகிதத்தில் 10, 11 அடி-பவுண்டு என்று இருந்தாலும் தோள் அதைவிட அதிகமாகவே உணரும்.

மாநில விதியைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது 6 மி.மீ. காலிபர் (குண்டின் விட்டம்), 70 கிரெய்ன் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். அதனால் .223 அங்கே செல்லாது. டெக்சஸில் செல்லும். ஒஹாயோவில் ரைஃபிள் என்றால் நேர்ச்சுவர் தோட்டாக்கள் (கழுத்து குறுகாமல் நேராக இருப்பவை) மட்டுமே. அப்படிப்பட்ட இடங்களுக்காகவே வின்செஸ்டர் 2019-இல் .350 லெஜண்டைக் கொண்டுவந்தது. உதை கிட்டத்தட்ட .243 அளவுதான், 150 கஜத்துக்குள் நல்ல தோட்டா. அந்தப் பகுதிகளில் 12 காஜ் ஷாட்கன்னில் ஸ்லக் என்ற ஒற்றைப் பெரிய குண்டு சுடும் நண்பர் தன் துப்பாக்கியைக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். அது உங்கள் .30-06-ஐயே தூக்கிச் சாப்பிடும்.

.223 சட்டப்படி செல்லும் இடத்தில் அதையே எடுக்கலாமே என்று தோன்றும். நல்ல குண்டோடு, கிட்டத்தில், பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் மானுக்கு அது வேலை செய்யும். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மான் கொஞ்சம் திரும்பி நின்றாலோ, குண்டு தோள் எலும்பில் பட்டாலோ, தவறைத் தாங்க அதில் இடம் குறைவு. நம் தோள் நோகக் கூடாது என்பதற்காக ஒரு மிருகம் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகக் கூடாது. மருத்துவர் .243-கூட வேண்டாம் என்று சொன்னால், 6.5 கிரெண்டலை எடை கூடிய ரைஃபிளில் போட்டுப் பாருங்கள். வெடிக்கும் வாயுவின் அழுத்தத்தில் இயங்கும் அரைத் தானியங்கி ரைஃபிளில் அது உண்டு. அந்த இயக்கம் உதையைக் கொஞ்சம் நீட்டி விடுவதால் தோளில் இடி குறைவாகத் தெரியும்.

எந்தத் தோட்டாவானாலும் தூரத்தை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 8 அங்குல அகலம். காட்டில் சுடும் அதே நிலையில் உட்கார்ந்து, அந்த அளவுத் தட்டில் தவறாமல் எந்தத் தூரம் வரை போட முடிகிறதோ அதுதான் இந்த வருட எல்லை. ஈயக் குண்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 1800 அடிக்குக் கீழே வேகம் போனால் சரியாக விரியாது. உதை குறைத்த தோட்டாவுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். பல தோட்டாப் பெட்டிகளிலேயே தூரத்துக்கு ஏற்ற வேகம் போட்டிருக்கும்.

துப்பாக்கிக் கட்டையின் பின்முனையில் நல்ல மென்ரப்பர் பேட் போடுங்கள். லிம்ப்சேவர், பாக்மயர் இரண்டுமே நல்லவை. பேட் தடிமனாகும்போது கட்டையின் நீளமும் கூடும். அறுவைக்குப் பிறகு கையை முழுதாக நீட்ட வராதவர்களுக்கு அது சிரமம், அதனால் கட்டையை அந்த அளவுக்கு வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். குழல் முனையில் மாட்டி வாயுவைப் பக்கவாட்டில் விடும் மஸில் பிரேக் உதையை நன்றாகக் குறைக்கும், சத்தத்தையோ பயங்கரமாக்கிவிடும். காட்டில் காதை மூடாமல் அதோடு ஒரு வெடி வெடித்தால்கூடக் கேட்கும் திறன் நிரந்தரமாகப் பாதிக்கலாம். உங்கள் மாநிலத்தில் சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கும் குழாய்) அனுமதி என்றால் அதுதான் நல்ல வழி. குழல் முனையில் எடையும் சேரும், உதையும் சத்தமும் குறையும்.

பழகும் விஷயத்தில்தான் நான் ரொம்பக் கண்டிப்பாக இருந்தேன். தோளுக்கு அதிகச் சேதம் காட்டில் வராது. அங்கே ஒரு குண்டு, மிஞ்சினால் இரண்டு. மேசையில் உட்கார்ந்து ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்ப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் உட்கார்ந்து முன்னால் சாய்ந்த உடம்பு பின்னால் போய் உதையை வாங்க முடியாது. நின்றபடி சுட்டால் உடம்பே கொஞ்சம் அசைந்து கொடுத்துவிடும். ஸ்கோப் சரிசெய்ய மட்டும் உதை தாங்கும் சட்டத்தில் வைத்துச் சுடுங்கள், அல்லது நம்பிக்கையான நண்பரைச் சுடச் சொல்லி, கடைசி இரண்டு குண்டு மட்டும் நீங்கள் போட்டுப் பாருங்கள். மற்ற பயிற்சி எல்லாம் .22-இல். வீட்டில், துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு விசையை இழுத்துப் பழகுங்கள்.

காதுக்குள் அடைப்பான், அதன் மேல் மூடி, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். உடம்பு பதறுவதற்கு உதை எவ்வளவு காரணமோ சத்தமும் அவ்வளவு காரணம். அறுவைக்குப் பிறகு வரும் பதற்றம் வலி போன பின்னும் தங்கும். விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் சுருங்கும். நண்பரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் நடுநடுவே வெற்று டம்மித் தோட்டா கலந்து போடச் சொன்னால் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு .22-க்குத் திரும்புங்கள்.

இடது தோளுக்கு மாறுவதும் ஒரு வழிதான். உங்கள் முதன்மைக் கண் வலது என்றாலும் ஸ்கோப் வைத்துச் சுடும்போது இடது கண்ணைப் பழக்கிவிடலாம். கொஞ்ச வாரங்கள் கை சொல்பேச்சு கேட்காது, அப்புறம் வந்துவிடும். தோட்டா ஏற்றும் கைப்பிடியான போல்ட்டை இழுப்பதுதான் சங்கடம், அதற்கு இடக்கை ரைஃபிள் கிடைக்கிறது.

சீசனுக்குள் மருத்துவர் சம்மதிக்கவில்லை என்றால், உங்கள் மாநிலம் அனுமதித்தால், குறுக்கு வில்லை எடுங்கள். உதை மிகக் குறைவு. நாணை இழுத்து மாட்ட மட்டும் தோளில் பலம் வேண்டும், அதனால் கைப்பிடி சுழற்றி இழுக்கும் வகையை வாங்குங்கள், சுழற்றுவதை இடது கையால் செய்யுங்கள். அதற்கும் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.