கடைத்தெரு நடுவில் குறைந்த வாடகை வீடுகள்: கடன் வாங்கிக் கட்டலாமா?

கேள்வி: மதுராந்தகம் கடைத்தெருவில் எங்களுக்கு முக்கால் கிரவுண்டு இடம் இருக்கிறது. கடை ஊழியர்கள், நர்ஸ்கள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்க, 4,500 ரூபாய் வாடகையில் பன்னிரண்டு சின்ன வீடுகள் கட்ட ஆசை. சென்னையில் இப்படிக் கட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள், கடன் வாங்கிக் கட்டலாமா?

நான் கட்டியிருக்கிறேன். பன்னிரண்டும் குடியிருப்பாகவே என்றால் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். ஏன் என்பதற்கு என் கணக்கையே பிரித்துக் காட்டுகிறேன்.

என் மாமனாருக்கு சைதாப்பேட்டை பஜாருக்குப் பின்னால் இதே முக்கால் கிரவுண்டு, அதாவது 1,800 சதுர அடி. சைதாப்பேட்டையும் ஒரு காலத்தில் தனி ஊர்தான், செங்கல்பட்டு மாவட்டத்துக்கே தலைமையிடமாக இருந்தது. அதனால் உங்கள் இடத்தை என்னால் ஓரளவு கற்பனை செய்ய முடிகிறது. எஃப்.எஸ்.ஐ., அதாவது இடத்தின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்பதால் 3,600 சதுர அடி கட்டலாம். கீழே பைக் நிறுத்த ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தளம்), மேலே மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 260 சதுர அடி: ஒரு அறை, சமையலறை, உள்ளேயே பாத்ரூம். போர், சம்ப், பிளான் அப்ரூவல் எல்லாம் சேர்த்து 1 கோடியே 5 லட்சம் ஆனது. வாடகை 8,500. வருடத்துக்கு 12.24 லட்சம் வரும். வரி, மோட்டார், பெயின்ட், காலியாகக் கிடக்கும் மாதங்கள் என்று 2 லட்சம் போய்விடும். மீதி, கட்டிய காசுக்குக் கிட்டத்தட்ட 9.75 சதவீதம். பரவாயில்லை அல்லவா?

ஆனால் இதில் நிலத்தின் விலை இல்லை. அக்கம்பக்கத்தில் விற்ற விலையில், சதுர அடி 12,000 என்று போட்டால் இடம் மட்டுமே 2 கோடியே 16 லட்சம். அதையும் சேர்த்தால் வருமானம் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வாங்கிப்போட்ட இடத்தில் குறைந்த வாடகை வீடு கட்டி யாரும் பிழைக்க முடியாது. தாத்தா விட்டுப்போன இடத்தில்தான் முடியும்.

அரசு செய்வதும் இதுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த, தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் தொழிலாளர் குடியிருப்பைப் பாருங்கள்: 706.50 கோடி ரூபாய், 18,720 பேருக்கு இடம். தலைக்கு மூணே முக்கால் லட்சம் ஆகிறது. நிலம் சிப்காட்டுடையது, தங்கப்போகிறவர்களும் முன்பே தெரிந்தவர்கள். 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தையும் விசாரித்தேன். குறைந்தது 40 வீடு வேண்டும் என்றார்கள். முக்கால் கிரவுண்டுக்காரனுக்கு அது அப்பா சட்டை மாதிரி.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். சின்ன ஊர் என்றால் நிலம் மலிவு, வாடகையும் பாதி. ஆனால் சிமெண்டும் கம்பியும் மதுராந்தகத்துக்கு என்று தனி விலையில் வருவதில்லை. பன்னிரண்டு வீடு, 4,500 என்றால் வருடத்துக்கு 6.48 லட்சம். செலவு ஒன்றரை லட்சம் போனால் 5 லட்சம். என்னுடைய பழைய செலவிலேயே கட்டி முடித்தாலும் 5 சதவீதத்தைத் தொடாது. எனக்குக் கடன் கொடுத்த வங்கியில் பன்னிரண்டு வீடு என்றதும் இது ஹோம் லோன் இல்லை, வியாபாரக் கடன் என்று சொல்லி பத்தரை சதவீதம் போட்டார்கள். இடம் இலவசம் என்றாலும் வட்டிக்கே பத்தாது.

அதனால் தரைத்தளத்தைக் கடைக்கு விடுங்கள். கடைத்தெரு இடத்தின் பலமே அதுதான். பின்தெரு என்பதால் எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூன்று கடை வாடகை வந்தால் மேலே இருக்கும் வீடுகளை 4,500க்கே விடலாம். முதலில் ஒரு மாடி மட்டும் எழுப்புங்கள். மேலே இன்னும் இரண்டு மாடிக்கு அஸ்திவாரம் தாங்கும்படி போட்டுவைத்தால் போதும். கையில் காசு சேர்ந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் அட்வான்ஸ். இதில்தான் எனக்கும் மாமனாருக்கும் ஒரு மாதம் பேச்சே இல்லை. "பத்து மாசம் வாங்குங்க மாப்ளே, பத்து லட்சம் கடன் குறையும்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் ரங்கநாதன் தெருவில் புடவை மடிப்பவர் பதினெட்டாயிரம் சம்பளத்தில் மாதம் 8,500 கொடுத்துவிடுவார், 85,000 ரூபாயை ஒரே நாளில் எங்கிருந்து கொண்டுவருவார்? 2017 வாடகைச் சட்டமும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. மூன்று மாதமே வாங்கினேன். ஒரு வீடு காலியானால் ஒரு வாரத்தில் நிரம்பிவிடுகிறது. ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மாம்பலம், இறங்கினால் ரங்கநாதன் தெரு என்பதும் ஒரு காரணம்.

கரண்டுக்கு வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வாங்குங்கள். வீடுகளுக்கு அரசு தரும் இலவச யூனிட் குடியிருப்பவருக்கே போய்ச் சேரும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வசூலிப்பது கேவலம், அதைப்பற்றி வேறென்ன சொல்ல. துணி காயப்போட இடம் விடுங்கள். நான் விடவில்லை. மழைக்காலத்தில் என் கட்டடத்தின் மாடிப்படி முழுக்க ஈரத் துணி.

இதையெல்லாம் விட முதல் வேலை, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது மாமனாரின் அப்பா பெயரிலேயே கிடந்தது. மாற்றி வாங்கவே பதினான்கு மாதம் ஆனது, அதற்குள் கம்பி விலை இரண்டு முறை ஏறியது.