பழைய டீசல் டாக்ஸியா, புது சிஎன்ஜியா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு டிரைவர் தம்பி கேட்கிறார்: "ஓனர் வண்டியில் ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். இனி சொந்தமாக ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். 2017 மாடல் டொயோட்டா டீசல் எட்டியோஸ் விலைக்கு வந்திருக்கிறது, ஆனால் பழைய வண்டிக்கு இவ்வளவு விலையா? புதுசாகப் போனால் சிஎன்ஜி எரிவாயுவில் ஓடும் மாருதி டிசையர்தான் கட்டுப்படியாகும் போல. ஓன் போர்டில், அதாவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட்டில், வாங்கி வாடகைக்கு ஓட்டினால் செலவு மிச்சம் என்றும் சொல்கிறார்களே?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டவே வேண்டாம். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே அபராதம் 10,000 ரூபாய், சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. அதைவிட என்னைப் பயமுறுத்துவது இன்சூரன்ஸ்தான். சொந்த கார் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. ராமேஸ்வரம் ரோட்டில் ராத்திரி ஒரு விபத்து என்றால் வண்டிக்கும் பணம் வராது, அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உங்களிடமே கேட்டு வருவார்கள். டி போர்டுக்கு, அதாவது டாக்ஸியாகப் பதிவு செய்த வண்டிக்கு, பிரீமியம் கூடத்தான். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1,000 முதல் 1,500 சிசி வரை சொந்த காருக்கு மூன்றாம் நபர் (நம் வண்டியால் அடிபடுகிறவருக்கான) பிரீமியம் 3,416 ரூபாய், டாக்ஸிக்கு அடிப்படையே 7,940, அதுபோக ஆள் கணக்குக்குத் தனியாக. ஆனாலும் கட்டிவிடுங்கள்.

சரி, எட்டியோஸ் விலைக்கு வருவோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புதுப் புகை விதி வந்தது. டீசல் புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்களை வைத்தால் சின்ன காரின் விலை எங்கேயோ போய்விடும் என்று மாருதி டீசலையே கைவிட்டது, எட்டியோஸ் தயாரிப்பும் அந்த வருஷத்தோடு நின்றது. புதுசு வராது, கொடைக்கானல் மலையில் நாலு பேரையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு இழுக்க டீசல் வேண்டும், அப்புறம் இருக்கிற பழசுக்கு விலை எப்படி இறங்கும்? முந்தைய விதிப்படி வந்த பிஎஸ்-4 வண்டி ஓட்ட இங்கே தடை இல்லை, டெல்லியில் பழைய டீசலுக்குத் தடை என்ற செய்தியைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

இதில் பலர் கணக்கில் விடுவது எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ். டாக்ஸிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குமேல் வருஷா வருஷம். 2017 வண்டி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. கட்டணம் பெரிதில்லை. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, டயர் மாற்றி வண்டி நிற்கிற நாட்களில் டிரிப் இருக்காது, கடன் டியூ மட்டும் ஓடும். அது சபரிமலை சீசனில் வந்து விழுந்தால் அந்த வருஷ லாபமே போயிற்று. அதனால் எஃப்.சி. முடிகிற மாதம் எது என்று பாருங்கள்.

இனி புது வண்டி. புது டாக்ஸி எல்லாம் ஒரே மாதிரி குட்டையாக இருப்பதற்கு வரிதான் காரணம். நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதற்காகவே 2012ல் டிசையரின் பின்பக்கத்தைச் சுருக்கினார்கள். இப்போதும், 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் 1,200 சிசி வரையுள்ள பெட்ரோல், சிஎன்ஜி காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய காருக்கு 40. அந்தச் சுருங்கிய டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டரும் உட்கார்ந்துவிட்டால் ஏர்போர்ட் பெட்டிகளை எங்கே வைப்பீர்கள்? கேரியர் போட்டாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டர் சோதனையும் உண்டு. டாக்ஸி மாடலில் 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு கம்பெனியிலேயே வந்துவிடும்.

எலக்ட்ரிக் காருக்குப் பெர்மிட் தேவையில்லை, மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி. ராமேஸ்வரம் போய்த் திரும்பினால் 340 கிலோமீட்டருக்குக் குறையாது, நடுவில் சார்ஜுக்கு நிற்க வேண்டியிருக்கும் என்பதால் முதல் வண்டியாக நான் சொல்லமாட்டேன்.

ஓனர் வண்டியில் கடைசி மூன்று மாதம் ஓடிய டிரிப்புகளை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பாதிக்குமேல் கொடைக்கானல், மூணாறு என்றால் எட்டியோஸ். ஏர்போர்ட், மாட்டுத்தாவணி, திருச்செந்தூர் என்று சமவெளி ஓட்டம்தான் அதிகம் என்றால் கம்பெனியிலேயே பொருத்திய சிஎன்ஜியை எடுங்கள். எட்டியோஸ் என்று முடிவானால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு எஃப்.சி., வரி, நிலுவை அபராதம், ஃபைனான்ஸ் பதிவு நாலையும் பார்த்துவிடுங்கள்.